மூன்று கிலோ இருநூறு கிராம்

1

என் மகள் வர்ஷினிக்குப் பத்தாம் வகுப்பில் இரண்டாம் மொழி பிரெஞ்சு. இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். என் மாமனாருக்கு இரண்டும் சேர்ந்து வந்து போனை மாமியார் கையில் கொடுத்துவிட்டார். தோஹாவில் அவள் படிக்கும் இந்தியப் பள்ளியில் தமிழும் இருக்கிறது. தமிழ் எடுத்தால் செய்யுள் ஒப்பிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், மார்க் குறையும். பிரெஞ்சு எடுத்தால் கோடிட்ட இடத்தை நிரப்பியே நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம் என்று அவள் வகுப்புப் பெற்றோர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது அப்பன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிக்கிறாள்.

போன மாதம் பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். பிரெஞ்சில் எழுதுகிற, ஆனால் பெரிய பெயர் இல்லாத, ஏதோ ஒரு வட்டாரத்து எழுத்தாளரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். கடைசியில் பெற்றோர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை காலை நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அப்பா, காரைக்கால் உங்க ஊர் சைடுதானே?"

"நன்னிலத்துலேருந்து பஸ்ஸுல ஒரு ஒண்ணரை மணி நேரம். ஏம்மா?"

"அங்கேருந்து ஒருத்தர் பிரெஞ்சுல நாவல் எழுதியிருக்கார்ப்பா. யாருக்குமே தெரியாத ஆளு. என் கிளாஸ்ல வேற யாரும் எடுக்க மாட்டாங்க."

திரையைப் பார்த்தேன். சிறிய படம்தான். சதுரக் கண்ணாடி, வெட்டிவிட்ட வெள்ளைத் தாடி, நீலக் கோடு போட்ட சட்டை. அந்தச் சட்டையின் இடது பையில் ஒரு மைக்கறை உண்டு. எலுமிச்சம்பழம் தேய்த்து அதை எடுக்கப் பார்த்து இன்னும் பெரிதாக்கியவன் நான். ராஸ் லஃபான் கேம்ப்பில் எட்டு வருடம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்த யூசுப் நானா.

"அவரைப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"ரெண்டு நாவல் வந்திருக்கு. ரெண்டாவதுக்கு அப்புறம் எழுதறதை நிறுத்திட்டார். ரீசன் தெரியலைன்னு இருக்கு. இறந்துட்டார். அவ்வளவுதான்." திரையை மேலும் கீழும் தள்ளினாள். "ஏன் நிறுத்தினார்னு நானே ஏதாவது கெஸ் பண்ணி எழுதலாமாப்பா?"

தேங்காய்த் துருவியில் விரல் பட்டுவிட்டது. ரத்தத்தைக் குழாயில் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவர் ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதுவரை என் மனைவி செல்விக்குக்கூடச் சொன்னதில்லை.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு நானா யார் என்று சொல்லியாக வேண்டும்.

கத்தாரின் வடக்குக் கோடியில் கடலோரம் இருக்கிறது ராஸ் லஃபான். எரிவாயு ஊர். நான் அங்கே ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கையுறை, போல்ட், ஹெல்மெட், கயிறு எல்லாம் என் கை வழியாகத்தான் சைட்டுக்குப் போகும். நானா அதே சைட்டில் பிரெஞ்சு என்ஜினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அவர்கள் பிரெஞ்சில் எழுதுவதை இவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் வருவதைப் பிரெஞ்சில். காரைக்கால் பையன்கள் 'நானா' என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர்கள் வழக்கத்தில் நானா என்றால் அண்ணன். எனக்கும் அவருக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் வித்தியாசம். அப்பா வயதுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்ட வசதியில் கொஞ்சம் அதிகமாகவே உரிமை எடுத்துக்கொண்டேன்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். நானாவின் வாப்பா அங்கே கோர்ட்டில் எழுத்தர். பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட்டார். வெள்ளைக்காரன் கணக்கு முடித்துக் கிளம்பியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று கெடு வைத்தார்கள். வாப்பாவின் அண்ணன், பெரியவாப்பா, போட்டார். அந்தக் குடும்பம் இன்று பிரான்சில் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. வாப்பா யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது.

"எங்க வாப்பா யோசிச்ச யோசனைல எனக்கு மொழி கெடச்சிச்சு, பாஸ்போர்ட்டு கெடைக்கல தம்பி" என்பார் நானா. வருத்தமாகச் சொல்ல மாட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்பது போலச் சொல்வார்.

ஊரில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே முதல் நாவலை எழுதினார். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் வலை காயப்போடும் ஒரு குடும்பத்தின் கதை. எழுதி முடித்துப் பதினைந்து வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பிறகு எல்லோரையும் போல சபர் கிளம்பி, பிழைப்புக்காக இங்கே வந்தார். அவர் எழுதிய பாதுகாப்புக் கையேட்டைப் படித்த ஒரு வயதான பிரெஞ்சு என்ஜினியர், "ஏணியில் ஏறுவது எப்படி என்பதை இவ்வளவு நல்ல பிரெஞ்சில் எழுதியவன் யார்?" என்று அவரைத் தேடிக்கொண்டு வந்தாராம். அந்த ஆள்தான் தன் ஊரில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஓர் அம்மாவின் முகவரியைக் கொடுத்தது. அந்த அம்மா தன் மாவட்டத்து மனிதர்களின் கதைகளை மட்டும்தான் போடுவார். காரைக்கால் கதையை ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, இதுவும் ஒரு வட்டாரம்தானே என்று எழுதினாராம்.

முதல் நாவல் வந்தது. நான்கு வருடத்தில் இரண்டாவதும் வந்தது. பிரான்சில் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார், உங்கள் ஆறு எங்கள் ஆறு மாதிரியே இருக்கிறது என்று கடிதம் போட்டார். அதை நானா பர்ஸில் வைத்திருந்தார். அவர் ஊரிலோ நிலைமை வேறு. காரைக்காலில் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள், போகாதவர்களுக்குப் படிக்கத் தெரியாது. சொந்தப் பிள்ளைகள் ஆங்கில மீடியம்.

"தமிழ்ல எழுதலாம்ல நானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதலாம். வூட்டு ஆளுவ படிச்சிருவாங்களே" என்றார்.

அந்தப் பதிப்பக அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டார். ஓராண்டுக்குள் பதில் வராவிட்டால் எழுதியது பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லி யாரையும் புண்படுத்த அவருக்கு இஷ்டமில்லை. திரும்பக் கேட்டு எழுதவும் கூடாது. நானாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நல்ல மனுஷி, மரியாதை தெரிந்தவள் என்பார். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பிறகு காப்பாற்றியது இதுதான். காப்பாற்றியது என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

3

மூன்றாவது நாவலை அவர் என் ஸ்லிப்புகளின் முதுகில் எழுதினார்.

ஸ்டோரில் ஒரு சாமான் வெளியே போக வேண்டுமென்றால் ஸ்லிப் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். சைட்டில் மனம் மாறினால் அந்த ஸ்லிப்பைக் 'கேன்சல்' என்று சிவப்பு சீல் குத்தி ஒதுக்கிவிடுவேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். நல்ல தாள். நானா ஒரு நாள் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, "இதை என்ன பண்ணுவே தம்பி?" என்றார். தூக்கித்தான் போடுவேன் என்றேன். அன்றிலிருந்து வாரா வாரம் ஒரு கட்டு அவருக்கு. ஆபீஸ் தாளில் சொந்தக் கதை எழுதுவது ஹராம், குப்பைக்குப் போகிற தாளில் எழுதலாம் என்பது அவர் கணக்கு. ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று சொன்னதற்கும் அதே பதில். மிஷின் கம்பெனியுடையது.

ஆக, ஒரு பக்கம் கையுறை பன்னிரண்டு ஜோடி, கீழே என் கையெழுத்து, மேலே சிவப்பில் 'கேன்சல்'. திருப்பினால் அவருடைய பொடிப் பொடியான பிரெஞ்சு.

கேம்ப்பிலிருந்து சைட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் முந்தின நாள் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்வார். வேறு யாருக்கும் சொன்னதில்லை. நான் ஒன்றும் பெரிய ரசிகன் அல்ல. ஜன்னலோர சீட்டு கிடைத்தால் போதும், கோழித்தூக்கம் போடுகிறவன். பாதிக் கதையை ஏ.சி. காற்றோடுதான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆரம்பம் மட்டும் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் அவர் அதைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார்.

ஒருவன் பதினோரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊருக்கு வருகிறான். பெட்டியை இறக்கி வைத்துத் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஒரு பெண் குழந்தை திறக்கிறது. அவன் மகள். அவனைப் பார்த்ததில்லை. "யாரு நீங்க?" என்று கேட்கிறது.

"என்ன சொல்றான் நானா?"

"அதான் தம்பி தெரியல. வாப்பான்னு சொல்லிரலாம். ஆனா அது அவன் சொல்ற பதிலில்ல, ஊரு சொல்ற பதிலு. அவன் என்ன சொல்வான்னு தேடிக்கிட்டிருக்கேன்."

மாதக்கணக்கில் தேடினார். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் முடிந்தும் அந்த ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. ஒரு நாள் காலை பஸ்ஸில் ஏறியதும் என் தொடையைத் தட்டினார். "கண்டுபுடிச்சிட்டேன் தம்பி." முகம் அப்படிப் பளிச்சென்று இருந்தது. அப்போது பிளான்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் சமயம், பத்து நாளாக எனக்குப் பதினாறு மணி நேர டூட்டி. அவர் பேச ஆரம்பித்தது தெரியும். கண் விழித்தபோது பஸ் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. "எப்படி?" என்றார். "பிரமாதம் நானா" என்றேன்.

மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வெட்கம். புத்தகம் வந்தால் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

4

அந்த வருடம் எனக்கு லீவ் கிடைத்தது. ஊரில் எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். நான் பார்த்ததில்லை, போனில் மூச்சுச் சத்தம் கேட்டிருக்கிறேன். நானாவுக்கு அறுபது தாண்டிவிட்டதால் விசா புதுப்பிப்பது இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்ப வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு நாவல்களையும் அவர் காரைக்கால் பெரிய போஸ்ட் ஆபீஸிலிருந்துதான், அரக்கு சீல் வைத்து அனுப்பியிருந்தார். அது அவருக்கு ராசி. இங்கிருந்து கூரியரில் போடுங்கள் என்றால் கேட்க மாட்டார்.

"நீ நேரா காரைக்காலு போயி ரிஜிஸ்தர் பண்ணிரு தம்பி. ஒன் கையில குடுத்தா பத்திரம். ஒரு போல்ட்டு தொலைச்சதில்ல நீ."

உண்மை. ஸ்டோரில் நான் ஒரு போல்ட் தொலைத்ததில்லை.

ஸ்டோர் தராசில் வைத்தேன். ஆயிரத்துச் சொச்சம் ஸ்லிப், மூன்று கிலோ இருநூறு கிராம். என் பெட்டி எல்லாம் சேர்த்துச் சரியாக முப்பது கிலோ வருமாறு கட்டினேன். தராசுக்காரன் பெட்டி தப்பாகுமா?

தப்பானது கேம்ப் வாசலில். கல்ஃபில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஊருக்குப் போகிறவன் பஸ் ஏறும் நேரத்தில் ஒவ்வொருவராக வருவார்கள். "சின்னப் பொட்டலந்தாண்ணே. அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம்." "அண்ணே, பையன் கேட்டான், ஒரு வாட்ச்சு." "ரெண்டு பாக்கெட் பாதாம், வெயிட்டே இருக்காது." இதை மறுக்கக் கூடாது. போகிறவன் இருக்கிறவனுக்குக் காட்டும் மரியாதை அது. நாளை நான் இருக்கப்போகிறவன், அவன் போகப்போகிறவன். வாங்கி வாங்கிக் கைப்பையிலும் பெட்டியிலும் திணித்தேன்.

விமான நிலையக் கவுண்டரில் பெட்டி முப்பத்து மூன்று காட்டியது. மூன்று கிலோவை எடு, இல்லாவிட்டால் ஒதுங்கு என்றான் கவுண்டர்க்காரன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பொட்டலங்களைத் தொட முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அம்மா, ஒரு மகன். மிச்சம் இரண்டுதான் பெரியவை. ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய நானாவின் நாவல். இன்னொன்று என் மகளுக்கு வாங்கிய பேசும் பொம்மை, நாற்காலி தொட்டிலோடு, பெரிய பெட்டியில். அதுவும் மூன்று கிலோ இருக்கும். எதை எடுத்தாலும் கணக்குச் சரியாகும்.

நாவலை எடுத்தேன்.

நிறைய நாள் இதை யோசித்திருக்கிறேன். மகள் மேல் இருந்த பாசம் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் முழு உண்மை இல்லை. நானா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். அதனால்தான். கோபித்துக்கொள்ளாதவர் பொருளைத்தான் நாம் முதலில் இறக்கி வைக்கிறோம்.

கேம்ப் பஸ் டிரைவர் சசி இன்னும் வெளியேதான் நின்றான். மலையாளி, நல்ல பையன். போன் போட்டு வாசலுக்கு வரச் சொல்லிப் பையைக் கொடுத்தேன்.

"நானா கையிலயே குடுக்கணும் சசி."

"பேடிக்கேண்டா சேட்டா, ஞான் கொடுத்தோளாம்" என்றான். பயப்பட வேண்டாம், கொடுத்துவிடுகிறேன் என்று அர்த்தம்.

5

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மகள் செல்வியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்று கேட்டாள். செல்வி, "ஒன் அப்பாடி" என்றாள். குழந்தை அழுதது. நானா கதையில் அந்த ஆள் என்ன சொன்னான் என்று தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருக்கும் என்று அப்போதே தோன்றியது. அவசரமாகப் பொம்மையைப் பிரித்து முதுகில் பொத்தானை அழுத்தினேன். அது ஆங்கிலத்தில் ஏதோ பேசிக் கண்ணை உருட்டியது. அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். பொம்மை அன்று பீரோவின் மேல் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை.

மூன்றாம் நாள் நானாவிடமிருந்து போன்.

"புள்ள நல்லாருக்கா? ஒங்கிட்ட ஒட்டிக்கிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அதைப் போட்டுட்டியா தம்பி?" என்றார்.

சசி இன்னும் கொடுக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே புரிந்துவிட்டது. எடுத்து வரவில்லை நானா, வெயிட் அதிகமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அவர் குரலில் அந்தத் தயக்கம். பையை சசியிடமிருந்து நானே வாங்கி, ரகசியமாகக் கூரியரில் அனுப்பிவிடலாம், ராசியாவது ஒன்றாவது என்று கணக்குப் போட்டேன்.

"போட்டாச்சு நானா. அரக்கு வச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உடனே சசிக்குப் போன் அடித்தேன். அவனை மறுநாளே வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். பையை சீட்டுக்கு அடியில் வைத்தவன் மறந்துவிட்டான். பஸ் சர்வீஸுக்குப் போய் வந்திருந்தது. ஒரு வாரம் அலைந்து விசாரித்துவிட்டுச் சொன்னான். "வண்டி கழுவின ஆளு பையைத் துறந்து நோக்கி சேட்டா. எல்லாம் கம்பெனி ஸ்லிப்பு. மேலே கேன்சல்னு சீல். வேஸ்ட் பேப்பர்னு விசாரிச்சு களஞ்ஞு."

திறந்து பார்த்து, குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டானாம். அந்த ஆள் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு தாளிலும் கேன்சல் என்று சீல் குத்தியவன் நான்தான்.

லீவ் முடிந்து திரும்பினேன். நானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவரோடு அதே அறையில் இருந்தேன். ஆபீஸுக்குத் தபால் வரும் நாளில் அவர் ஷேவ் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார். அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் கிடையாது, சொன்ன நாளும் கிடையாது. பஸ்ஸில் அவர் இப்போது கதை சொல்வதில்லை. நான் தூங்குவதுமில்லை. ஸ்லிப் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இருக்கட்டும் தம்பி, அங்கேருந்து ஒரு வார்த்தை வரட்டும்" என்பார்.

ஓராண்டு முடிந்தது. வார்த்தை வரவில்லை. அந்த அம்மாவின் வழக்கப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்டு எழுதவும் கூடாது. கொஞ்ச நாளில் நானாவின் விசாவும் கேன்சல் ஆனது. எக்ஸிட் பெர்மிட்டுக்கு நான்தான் அவரோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். அலைந்து ஏதாவது தீருமா என்று பார்த்தேன்.

பிறகு ஒருமுறை லீவில் காரைக்கால் போய் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். எனக்கு ஃபேமிலி விசா கிடைத்து, செல்வியையும் வர்ஷினியையும் தோஹாவுக்கு அழைத்துப்போகும் சமயம். சர்ட்டிபிகேட் எல்லாவற்றிலும் முத்திரை வாங்கிவிட்டாயா என்று அக்கறையாக விசாரித்தார். இரண்டாவது நாவலில் ஒரு பிரதி எடுத்து என் பெயர் எழுதிக் கொடுத்தார்.

"இப்ப ஒண்ணும் எழுதறதில்லையா நானா?"

"மூணாவது சரியா வரல தம்பி. எனக்குத்தான் பெருசா தெரிஞ்சிருக்கு. அந்தம்மா பாவம், நோவடிக்க வேணாம்னு பேசாம இருந்துட்டா. படிச்சவங்க சும்மா வேணாம்னு சொல்ல மாட்டாங்க." தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். "கதவைத் தட்டுறான்ல, அந்த எடத்துல அவன் சொல்றது உனக்கு எப்படி இருந்துச்சு? நீதான் கேட்டிருக்கே. உள்ளதைச் சொல்லு."

அவர் மனைவி டீயும் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். நான் டீயைக் குடித்தேன். "அந்த எடந்தான் நானா ரொம்ப நல்லாருந்துச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. நானாவை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். பழைய கேம்ப் ஆட்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு காலை அவர் மவுத்தான செய்தி வந்தது. கை கூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போனேன்.

6

இதையெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து மகளிடம் சொன்னேன். செல்வியும் வாசற்படியில் நின்று கேட்டாள். தமிழில்தான் சொன்னேன். இந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் கிடையாது. நடுநடுவே வர்ஷினிக்குச் சில வார்த்தைகள் புரியவில்லை. அரக்கு என்றால் என்ன என்று கேட்டாள்.

முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்த டால்ப்பா?"

"பீரோ மேல இருந்துச்சே, அதுதான்" என்றாள் செல்வி. "இங்க வர்றப்ப என் தங்கச்சி மக கேட்டான்னு குடுத்துட்டு வந்தேன்."

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள் வர்ஷினி. எங்கோ பார்த்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். பிறகு அலமாரியில் என் சர்ட்டிபிகேட் பைலுக்கு அடியில் இருந்த நானாவின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்வி தேங்காய்த் துருவியை வாங்கி மிச்சத்தைத் துருவினாள்.

மறுநாள் சாயங்காலம் வர்ஷினி இரண்டு தாள்களோடு வந்தாள். "கையெழுத்து வேணும்."

"என்ன எழுதியிருக்கே?"

பிரெஞ்சில் படித்தாள். எட்டு வருடம் நானா வாயில் கேட்ட சத்தம், என் மகள் வாயில். எனக்குப் புரிந்தது நன்னிலம், ராஸ் லஃபான் என்ற இரண்டு ஊர்ப் பெயர்கள்தான். பிறகு தமிழில் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி.

"அவர் எழுதறதை நிறுத்திட்டார்னு நெட்ல இருக்கு. அது தப்பு. அவர் மூணாவது நாவலும் எழுதினார். அதை எங்க அப்பாகிட்ட நம்பிக் கொடுத்தார். எங்க அப்பா அதுக்குப் பதிலா எனக்கு ஒரு டால் கொண்டுவந்தார். அந்த நாவல் நல்லா இல்லைன்னு யாரும் சொல்லல. யாரும் படிக்கல." நிறுத்தினாள். "டால் எனக்கு ஞாபகமில்லைன்னு முதல்ல எழுதியிருந்தேன்ப்பா. அப்புறம் அடிச்சிட்டேன்."

தாளை வாங்கினேன். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. ஆயிரத்துச் சொச்சம் ஸ்லிப்பில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டேன். என்னை அறியாமல் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இன்னும் ரெண்டு லைன் இடம் இருக்குப்பா. அந்த மூணாவது நாவல் என்ன ஸ்டோரி? உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

சொன்னேன். பதினோரு வருடம், பெட்டி, கதவு. பெண் குழந்தை திறந்து, "யாரு நீங்க?" என்று கேட்டது வரை சொன்னேன். அவள் நின்றுகொண்டிருந்தவள் என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த அப்பா என்ன சொன்னார்?"

பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நானா பஸ்ஸுல சொன்னாரும்மா" என்றேன். "அன்னைக்கு நான் தூங்கிட்டேன்."